ஒட்டகம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

மீனம்பாக்கத்தில் எல்லோருடைய பெட்டியும் வந்தது, என்னுடையது மட்டும் வரவில்லை. கடைசியில் யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு பிளாஸ்டிக் வாளி தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கவுண்டரில் இருந்தவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "கேரளாவா?" என்றார். கொழும்பு என்றேன். பெட்டி, நான் விமானம் மாறிய மஸ்கட்டிலேயே தங்கியிருக்கும், அடுத்த விமானத்தில் இல்லாவிட்டால் அதற்கடுத்ததில் வந்துவிடும் என்றார். பெட்டியைத் தொலைத்தவர்களுக்கு ஆறுதல் சொல்வதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

பெட்டி இல்லாமல் வெளியே வருகிறவனை ஆட்டோக்காரர்கள்கூட மதிப்பதில்லை. மற்றவர்களுடைய பெட்டிகளை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்து, யாரையோ வழியனுப்ப வந்தவன் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். நானே போய் ஒருவரைக் கெஞ்சி மயிலாப்பூருக்கு ஏறிக்கொண்டேன்.

சென்னைக்கு வந்தது தங்கையின் கல்யாணக் கூறைச்சேலைக்காக. கொழும்பில் வெள்ளவத்தைக் கடைகளில் கூறைச்சேலை கிடைக்காமல் இல்லை. ஆனால் தி.நகரில் எடுத்தது என்று சொன்னால்தான் சம்பந்தி வீட்டில் மதிப்பு என்று அம்மா நினைக்கிறார். ஓமானிலிருந்து ஊருக்குப் போகிற வழியில் சில நாள் சென்னையில் இறங்கி வாங்கிக்கொண்டு வா என்பது உத்தரவு. சென்னை எங்கே, வழி எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது தொலைந்த பெட்டிக்குள் இருந்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் போகிறவனின் பெட்டியில் பாதிதான் அவனுக்குச் சொந்தம், மீதி நண்பர்களுக்கு. என் பெட்டியின் பாதி தேசிங்குடையது. ஒரு கம்பளி, கோடாலித் தைலம், மகளுக்கு ஒரு கைக்கடிகாரம், பேசிப் பதிவுசெய்த ஒரு கேசட்.

தேசிங்கு யார் என்று சொல்ல வேண்டும். நான் சலாலாவில் ஒரு கால்நடைத் தீவனக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சலாலா ஓமானின் தென்கோடியில், கடலை ஒட்டிய ஊர். தென்னையும் வாழையும் உண்டு, சில மாதம் சாரலும் உண்டு. ஒட்டகம் சாலையைக் கடந்தால் கார்கள் நின்று வழிவிடும். எல்லாம் ஒற்றைத் திமில்தான். இரட்டைத் திமிலை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அங்குள்ளவர்கள் ஒட்டகத்தை ஒரே பெயரால் கூப்பிடுவதில்லை. பால் குடிக்கிற குட்டிக்கு ஒரு பெயர், பால் மறந்ததற்கு ஒன்று, சினைக்கு ஒன்று, ஓட்டப்பந்தயத்துக்கு வளர்ப்பதற்கு ஒன்று. வாடிக்கையாளர் சொல்கிற பெயரைக் கேட்டே எந்தத் தீவனம் என்று எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு அதில் பாதிதான் இன்னும் பிடிபட்டிருக்கிறது.

தேசிங்கு வாரந்தோறும் தன் முதலாளியின் வண்டியில் வந்து காய்ந்த மத்தி மீன் மூட்டைகளை ஏற்றிப் போவார். ஆம், அந்தப் பக்கத்தில் ஒட்டகத்துக்குக் கருவாடு போடுவார்கள். தேசிங்கு சென்னையில் ஊரூர் குப்பத்து மீனவர். மீன்பிடி வேலை என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் முதலாளி படகை விற்றுவிட்டு ஒட்டகம் வாங்கினார். ஆளை என்ன செய்வது? ஒட்டகப் பட்டிக்கு மாற்றிவிட்டார். பிடித்துக்கொண்டிருந்த மீனை இப்போது தீனியாகப் போட்டுக்கொண்டிருக்கிறார் தேசிங்கு. நல்ல முதலாளி, சம்பளம் ஒழுங்காக வருகிறது. அந்த விலங்குகளோடு அவருக்கு நன்றாகவே ஒத்துப்போய்விட்டது.

பொட்டலங்களைக் கொடுக்கும்போது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "வூட்ல ஆபீஸ்ல கீறேன்னு சொல்லி வெச்சிக்கிறேன் சார். நீ இன்னா வேணா சொல்லு. ஒட்டகம்னு மட்டும் சொல்லிடாத."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒட்டகம் பார்ப்பதில் என்ன வெட்கம் என்று கேட்டேன். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனார். சென்னைக்கு வந்த பிறகுதான் எனக்குப் பதில் கிடைத்தது.

மயிலாப்பூரில் குளத்துக்கு அருகே ஒரு விடுதி. வரவேற்பில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இலங்கைக்காரர் என்றால் காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வர வேண்டும், தப்பாக நினைக்க வேண்டாம் என்று மென்மையாகச் சொன்னார். நான் தப்பாக நினைக்கவில்லை, பழகிவிட்டது. வேலை எங்கே என்றார். ஓமான் என்றேன். உடனே அவர் முகம் மலர்ந்தது. "ஒட்டகம் மேய்க்கிறேளா?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டதற்குத் தானே சிரித்துக்கொண்டார்.

ஒட்டகப் பேச்சு அன்று தொடங்கியது. ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். விடுதிக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம் வரும், அதற்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். மாடியில் இருந்த ஒரு பெரியவர், "ஒட்டகம் மாதிரி உள்ளேயே ரொப்பி வெச்சுண்டாத்தான் உண்டு" என்று எனக்கு வழி சொன்னார். மாடவீதி டிபன் கடையில் உயரமான ஒரு பரிமாறுகிறவர் இருந்தார். கல்லாவில் இருந்தவர் அவரை "டேய் ஒட்டகம், நாலாம் நம்பருக்கு ரெண்டு பொங்கல்" என்றுதான் கூப்பிட்டார். பொங்கலில் நெய் மிதந்தது. எங்கள் ஊரில் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியுமாக வளர்ந்த வயிறு அதைப் பார்த்து முதலில் தயங்கியது, அப்புறம் இன்னொன்று கேட்டது. பரிமாறியவர் குனிந்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மின்விசிறி அவர் தலைக்கு மிகப் பக்கத்தில் சுற்றியது. எனக்குத்தான் பயமாக இருந்தது.

மறுநாள் தி.நகர். பனகல் பூங்காவிலிருந்து ஒரு தெருவைக் கடக்க நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். சேலைக்கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை மெத்தையில் உட்கார்ந்ததும் குளிர்பானம் கொடுத்தார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக விரிக்கத் தொடங்கினார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததைப் பிடிக்கவில்லை என்று நினைத்து இன்னும் விரித்தார்கள். மெத்தை முழுக்கச் சிவப்பு. என் பேச்சைக் கேட்டு விற்பனையாளர், "சார் மலேசியாவா, துபாயா?" என்றார். ஓமான் என்றதும் பக்கத்து மெத்தையில் மடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "நம்ம மச்சான் ஒருத்தன் அங்க போனான் சார். மேனேஜர்னு சொல்லிக்கினு போனான். போய்ப் பாத்தா ஒட்டகம்." இருவரும் சிரித்தார்கள். பிறகு வேட்டிக்குப் பொருத்தமாக ஒரு மேல்சட்டைத் துணியை எடுத்துக் காட்டி, இது கேமல் கலர், இப்போது இதுதான் ஓடுகிறது என்றார்.

அந்த மச்சான் இப்போது எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றார். கடிதமும் இல்லையாம், போனும் இல்லையாம். அதை அவர் சிரிக்காமல் சொன்னார்.

கூறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கு விளங்கியது. இந்த ஊரில் ஒட்டகம் மேய்க்கிறவன் என்றால் அது ஒரு தொழிலின் பெயர் இல்லை. ஏமாந்துபோனவன், ஏஜெண்ட் சொன்னதை நம்பிப் போய் மாட்டிக்கொண்டவன், இனி வராதவன் என்று அர்த்தம். தேசிங்கு வெட்கப்பட்டது ஒட்டகத்துக்காக அல்ல.

அதற்கு மறுநாள் பிற்பகல் பஸ் பிடித்துப் பெசன்ட் நகர் போனேன். பெட்டி இன்னும் வரவில்லை. வெறுங்கையோடு போவதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் வந்த செய்தியைச் சொல்லிவிட வேண்டும். குப்பத்துக்குள் தேசிங்கு வீடு என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் யோசித்துவிட்டு, "ஃபாரின்காரர் வூடா?" என்று கேட்டுக் கையைக் காட்டினார்.

கஸ்தூரி வாசலில் உட்கார்ந்து வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்தார். தேசிங்கின் மனைவி. கணீரென்ற குரல். நான் சலாலாவிலிருந்து வருகிறேன் என்றதும் அரிவாள்மணையை ஒதுக்கிவைத்துவிட்டு, கையைக் கழுவக்கூட மறந்து எழுந்து நின்றார். பெட்டி தொலைந்த கதையைச் சொன்னேன். சாமான் போனால் போகட்டும், ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். இளைத்திருக்கிறாரா? இல்லை. குடிக்கிறாரா? அங்கே அது முடியாது என்றேன். அதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். மகள் செல்வி கடையிலிருந்து சோடா வாங்கிவந்து கொடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். செல்விக்குப் பாலவாக்கத்தில் ஒரு மாப்பிள்ளை. பெயர் முருகன், தண்ணீர் லாரி ஓட்டுகிறான். இந்தப் பஞ்சத்தில் கலெக்டரைவிட அவனுக்குத்தான் மரியாதை. இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. ஆனால் முருகனுக்குத் தாய் தகப்பன் இல்லை. அக்கா மல்லிகாதான் வளர்த்தவர், அவர் வைத்ததுதான் சட்டம். அந்த மல்லிகா காதில் யாரோ ஓதிவிட்டார்கள்.

"மூஞ்சிக்கு நேரா கேட்டுச்சு சார் அந்தம்மா. ஒங்க வூட்டுக்காரரு அங்க ஒட்டகம் மேய்க்கிறாராமே, அதுக்குப் போனவங்க யாரு திரும்பி வந்தா, நாளைக்கி பொண்ணுக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பான்னு. நா துணியப் போட்டுத் தாண்டாத கொறையா சொல்லிட்டேன், ஆபீஸ்ல தான் கீறாருன்னு." கஸ்தூரி என்னை நேராகப் பார்த்தார். "ஆபீஸ்ல தான சார் கீறாரு?"

கம்பெனியில்தான் இருக்கிறார் என்றேன். பட்டியின் வாசலில் ஒரு கம்பெனியின் பெயர்ப்பலகை உண்டு, அதனால் முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும் அந்தச் சமாதானம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மல்லிகா வீட்டார் வந்து முடிவு சொல்வதாக இருக்கிறார்கள். இத்தனை நல்ல சட்டையும் கண்ணாடியுமாக நான் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெண்ணின் வாழ்க்கை அமைந்துவிடும் என்றார். வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

திரும்புகிற வழியில் கடற்கரையில் சற்று நேரம் உட்கார்ந்தேன். சுண்டல், பஜ்ஜி, பட்டம், குதிரை, இவற்றுக்கு நடுவே உண்மையாகவே ஒரு ஒட்டகம் வந்துகொண்டிருந்தது. முதுகில் பழைய ஜமுக்காளம், கழுத்தில் சலங்கை, திமிலுக்கு முன்னால் அலறுகிற ஒரு குழந்தை. குழந்தையை ஏற்றிவிட்ட அப்பா கீழே நின்று, பயம் போய்விடும் என்று மனைவிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். பிடித்து நடத்தியவர் ராஜஸ்தான்காரர். சலாலாவில் பொறுக்கிய இந்தியில் நான் பேச்சுக் கொடுத்தேன். இந்த ஊரில் எல்லோரும் இது உதைக்குமா, கடிக்குமா என்றுதான் கேட்கிறார்கள், தின்றதா என்று ஒருவரும் கேட்பதில்லை என்று அவர் குறைப்பட்டார். எங்கள் பக்கத்தில் கருவாடு தின்னும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அந்த ஒட்டகத்தைப் பார்க்க எனக்குச் சலாலா ஞாபகம் வந்தது. சொந்த ஊருக்குப் போகிற வழியில் வேலை பார்க்கிற ஊரை நினைத்து ஏங்குவது எந்த வகையில் சேர்த்தி என்று தெரியவில்லை. அங்கே இவை தலையை நிமிர்த்திக்கொண்டு மலைச்சரிவில் போகும். இங்கே இது அலைக்கு முகத்தைக் காட்டாமல், தரையைப் பார்த்து நடந்தது. தேசிங்கும் இங்கே இருந்த காலத்தில் எப்படி நடந்திருப்பார் என்று யோசித்தேன். சலாலாவில் அவர் நிமிர்ந்துதான் நடக்கிறார்.

என் கதையும் ஒன்றும் பெரிய வித்தியாசமில்லை. தங்கைக்கு மாப்பிள்ளை பேசியபோது அம்மா சம்பந்தி வீட்டில் என்னைப் பற்றிச் சொன்னது, மகன் ஓமானில் பெரிய கம்பெனியில் கணக்காளர் என்று. தவிடும் புண்ணாக்கும் கருவாடும் விற்கிற கடை என்று சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை. கல்யாண வீட்டில் யாராவது வேலை எப்படி என்று கேட்டால், வாசனை பிடித்துவிடுவார்களோ என்று ஒரு அடி தள்ளித்தான் நிற்பேன். தேசிங்குக்காக ஒரு பொய் சொல்வதில் எனக்குக் கஷ்டம் இருந்திருக்கக் கூடாது. இருந்தது. ஒரு பெண்ணை இந்தப் பொய்யின் மேல் கட்டிக்கொடுத்துவிட்டு நான் விமானம் ஏறிப் போய்விடுவேன், மற்றவர்கள்தான் அதோடு இருக்க வேண்டும்.

ஞாயிறு காலை பெட்டி வந்துவிட்டதாக விடுதிக்குப் போன் வந்தது. போய் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் நேராகக் குப்பத்துக்குக் கிளம்பினேன். அடையாறு பாலத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி எஞ்சினைத் திறந்து பார்த்தார், ஊதினார், உதைத்தார், பிறகு என்னையும் இறங்கித் தள்ளச் சொன்னார். ஆற்றின் நாற்றத்தை மூக்கு நிறைய வாங்கிக்கொண்டு பாலத்தின் மறுமுனை வரை தள்ளினேன். மேடு முடிந்ததும் அது தானாகவே உயிர்பெற்று ஓடியது. இந்த உதவிக்காக என்னிடம் பேசியதைவிட அதிகம் கேட்டார்.

போய்ச் சேரும்போது மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்துவிட்டார்கள். பாய் விரித்து, தட்டில் பழமும் மிக்சரும் வைத்திருந்தது. முருகன் புதுச்சட்டையில் நெளிந்துகொண்டிருந்தான். மல்லிகா சுவரில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இட்லிக் கடை நடத்துகிறவராம், எதிரில் இருப்பவர் சொல்வதை எடைபோட்டுப் பார்க்கிற பார்வை. கஸ்தூரி என்னை அறிமுகப்படுத்தினார். இவர்தான் அவரோடு அங்கே வேலை பார்க்கிறவர் என்றார். மல்லிகா என்னைப் பார்த்து, "சார் மலையாளமா?" என்றார்.

பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்துக் கொடுத்தேன். கேசட்டைப் பார்த்ததும் கஸ்தூரியின் முகத்தில் வெளிச்சம். தன் பக்கம் சாட்சி தானாக வந்து சேர்ந்துவிட்டது என்ற வெளிச்சம். அவர் எதையும் யோசிக்கவில்லை. அலமாரியின் மேலிருந்த டேப்ரெக்கார்டரை, அதுவும் தேசிங்கு அனுப்பியதுதான், இறக்கி நடுவில் வைத்து, "நா சொல்றது எதுக்கு? அவுரே பேசுறாரு கேளுங்க" என்று கேசட்டைப் போட்டார். எனக்கு அப்போது எந்தச் சந்தேகமும் வரவில்லை. தேசிங்கு ஜாக்கிரதையான ஆள், கேசட்டில் உளறமாட்டார் என்றுதான் இருந்தேன்.

தேசிங்கின் குரல் மேடையில் பேசுகிறவர் குரல்போல் வந்தது. எல்லாருக்கும் வணக்கம், நான் நல்லபடியா கீறேன், சம்பந்தி வூட்டாருக்கும் வணக்கம் என்றது. ஆபீஸில் நல்ல மரியாதை, நாள் முழுக்க ஏசி, உட்கார்ந்த இடத்துக்கு டீ வருகிறது என்றது. கஸ்தூரி மல்லிகாவைப் பார்த்தார். மல்லிகா தலையை ஆட்டினார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது டேப்பில் ஒரு சத்தம். தொண்டைக்குள் தண்ணீரைக் கொப்பளிப்பது போன்ற நீண்ட முனகல். மற்றவர்கள் டேப் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். தினமும் கேட்கிற எனக்கு அது எதுவென்று தெரிந்துவிட்டது. தேசிங்கின் குரல் மாறியது. மேடைக் குரல் போய், சற்றுத் தள்ளி, யாருடைய முகத்துக்குப் பக்கத்திலோ பேசுகிற குரல்.

"கஸ்தூரி... இரும்மா, பேசிக்கினு கீறேன்ல. கோச்சிக்கினியா? சாப்பாடு வெக்கலன்னா? தோ வரேன். ஒன்ன வுட்டா எனுக்கு இங்க யாரு கீறா சொல்லு."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆங், இன்னா சொல்லிக்கினு இருந்தேன், ஆபீஸ்ல" என்று தொடர்ந்தது.

கஸ்தூரி கையை நீட்டி டேப்பை நிறுத்தினார். தேசிங்குக்கு இதை அழிக்க வேண்டும் என்றே தோன்றியிருக்காது. அவர் நாள் முழுக்க அவற்றோடு பேசிக்கொண்டுதான் இருப்பார். தலைவரே, மச்சான் என்று அவர் பட்டியில் கத்துவதை நானே கேட்டிருக்கிறேன். இந்தப் பெயரை நான் கேட்டதில்லை.

மல்லிகாதான் முதலில் பேசினார். குரலை உயர்த்தவில்லை. "கஸ்தூரி நீங்க தான? நீங்க இங்க கீறீங்க. அங்க யாரு கஸ்தூரி?"

கஸ்தூரியின் முகத்தில் இரத்தமே இல்லை. செல்வி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அங்கிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். தேசிங்கிடம் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தன் பெயரிலேயே கணவனுக்கு இன்னொருத்தி இருக்கிறாள் என்று நம்பத் தொடங்கிவிட்ட ஒரு பெண். எனக்கு யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தாலும் வேறு வழியில்லை.

"அம்மா, அது ஆள் இல்லை. ஒட்டகம்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மீன்பிடிக்கப் போனது, முதலாளி படகை விற்றது, பட்டிக்கு வந்தது, ஒட்டகங்களுக்குக் குப்பத்து ஆட்களின் பெயரையும் உறவுமுறையையும் வைத்து அவர் கூப்பிடுவது. ஆபீஸ் இல்லை, ஏசி இல்லை, டீயை அவரே போட்டுக்கொள்கிறார். வெட்கத்தினால் மறைத்தார், ஏமாற்ற அல்ல. நான் முன்பு சொன்னதும் பொய்தான், அதற்கு மன்னிக்க வேண்டும் என்றேன்.

மல்லிகா ஒவ்வொன்றாகக் கேட்டார். சம்பளம் வருகிறதா? வருகிறது. பாஸ்போர்ட் யாரிடம்? முதலாளியிடம், என்னுடையதும் வேலை பார்க்கிறபோது என் முதலாளியிடம்தான் இருக்கும் என்றேன். கல்யாணத்துக்கு வருவாரா? விடுமுறை கேட்டிருக்கிறார், முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை, வருவார் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது என்றேன். கடைசியாக, அந்த ஒட்டகம் என்ன தின்னும் என்று கேட்டார்.

"மத்திக் கருவாடு" என்றேன்.

"கருவாடா?" என்று முதன்முறையாகச் சிரித்தது முருகன். அக்கா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

மல்லிகா டேப்ரெக்கார்டர் பக்கம் திரும்பினார். "எங்க வூட்டுக்காரரு கூடவே கீறாரு. இத்தினி வருசத்துல ஒரு நாளு என்னாண்ட கோச்சிக்கினியான்னு கேட்டதில்ல" என்றார். யாரிடமும் சொன்னதுபோல இல்லை. பிறகு எழுந்து புடவையை உதறிக்கொண்டார். கஸ்தூரியிடம், அப்பா வந்தால் நல்லது, வராவிட்டால் பெண்ணோடு நிற்க நாங்கள் இருக்கிறோம், பூ வைக்க நாள் பாருங்கள் என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, இனி ஒரு பொய் வந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்றும் சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போட்டார். முருகன் செல்வியைப் பார்த்துக்கொண்டே படியைத் தவறவிட்டான்.

அவர்கள் போன பிறகு அந்த வீட்டில் சந்தோஷமாக ஆரவாரம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கஸ்தூரி பாயிலேயே உட்கார்ந்திருந்தார். கோபமாக இருக்கிறாரோ என்று எனக்குப் பயம். தேசிங்கின் மேல் கோபப்படாதீர்கள், அவர் அவமானப்படுத்துவதற்காக அந்தப் பெயரை வைக்கவில்லை, அந்தப் பட்டியிலேயே அவருக்கு மிகப் பிடித்த விலங்குக்குத்தான் வைத்திருப்பார் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு போனேன்.

அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கேசட்டைப் பின்னால் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். பொத்தானை அழுத்தினேன். கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது, டீயும் ஏசியும் மறுபடி வந்தன. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முனகல் வந்தது. அதன்பின் தேசிங்கு, "கஸ்தூரி" என்றார்.

நிறுத்தச் சொன்னார்.

"கண்ணாலம் ஆன நாளுலேர்ந்து என்ன 'ஏய்'னுவாரு, 'இந்தா'ன்னுவாரு. இவ பொறந்தப்பறம் செல்விம்மா. குடிச்சா அதுவும் இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எம் பேர அவுரு வாயால நா இன்னிக்கித் தான் அண்ணா கேக்குறேன்."

செல்வி அம்மாவின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ மீன் விலை கேட்டுக் கூப்பிட்டார்கள், கஸ்தூரி திரும்பவில்லை.

"இன்னொரு தபா போடுங்க" என்றார்.